டெக்ஸாஸில் லைசென்ஸ் இல்லாமல் வீடு ஹோல்சேலிங் செய்யலாமா?

கார்லண்ட்வாசி:
கார்லண்டில் ஒரு பெரியவர் தன் பழைய வீட்டை 1,60,000 டாலருக்குத் தரச் சம்மதித்திருக்கிறார். கூரை ஒழுகுகிறது, ஹால் தரை ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. வாங்க என்னிடம் பணம் இல்லை. ஒப்பந்தம் மட்டும் போட்டுக்கொண்டு, பழுது பார்த்து விற்கிற ஒருவருக்கு 1,70,000-க்குக் கைமாற்றிவிடலாம் என்று யோசனை, இதைத்தான் ஹோல்சேலிங் என்கிறார்கள். ஏஜென்ட் லைசென்ஸ் வேண்டுமா? குளோசிங் (பணம் கைமாறி, கிரயம் முடிகிற கட்டம்) எப்படி நடக்கும்?

பழைய பத்திரம்:
ஊரில் அக்ரிமெண்ட் போட்டு வைத்துக்கொண்டு, பார்ட்டி கிடைத்ததும் ஓனரையே நேராகக் கிரயம் எழுதிக் கொடுக்க வைப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். டெக்ஸாஸில் இதற்கு 2017 முதல் சட்டமே இருக்கிறது: நீங்கள் விற்பது வீட்டை அல்ல, ஒப்பந்தத்தில் உங்களுக்குள்ள உரிமையை மட்டும், வீடு உங்கள் பெயரில் இல்லை என்பதை பெரியவரிடமும் வாங்குபவரிடமும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அப்படியென்றால் லைசென்ஸ் தேவையில்லை. அதை விட்டுவிட்டு வீட்டுப் போட்டோவைப் போட்டு ‘வீடு விற்பனைக்கு’ என்று விளம்பரம் செய்தால் தரகு வேலை ஆகிவிடும், மாட்டிக்கொள்வீர்கள். இல்லினாயில் 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் போனாலே லைசென்ஸ் கேட்பார்கள்.

ஏழாவது டீல்:
முதலில் டைட்டில் கம்பெனியை (வீட்டு உரிமையில் வில்லங்கம் பார்த்து குளோசிங் நடத்துபவர்கள்) கூப்பிட்டு அசைன்மெண்ட், அதாவது ஒப்பந்தத்தைக் கைமாற்றுவது, எடுப்பீர்களா என்று கேளுங்கள், எல்லோரும் எடுப்பதில்லை. முன்பணமும் அவர்களிடம்தான் கட்ட வேண்டும். வரி பாக்கி, வாரிசு, லீயன் (வீட்டின் மேல் உள்ள கடன் பாத்தியதை) எல்லாவற்றையும் தோண்டிப் பார்ப்பார்கள். அப்புறம், உங்கள் 10,000 செட்டில்மெண்ட் தாளில் (குளோசிங் கணக்குத் தாள்) தனி வரியாக வரும். என் முதல் டீலில் வீட்டை விற்ற அம்மா அந்த வரியில் விரலை வைத்து “இது யாருக்கு?” என்று கேட்டு, பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டார், அரை மணி நேரம் பேசித்தான் கையெழுத்து வாங்கினேன். பெரியவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மறைக்க நினைத்து இரண்டு குளோசிங்காகச் செய்தால் நடுவில் வீட்டை வாங்கப் பணம் வேண்டும், செலவும் இரட்டிப்பு.

எச்4 கணவர்:
சரி, அதெல்லாம் இருக்கட்டும், என்ன விசா? எச்1பி-யில் (ஒரு கம்பெனி வேலைக்கு மட்டும் தரும் விசா) வீடு வாங்கி வாடகைக்கு விடுவது வேறு. ஆள் பிடித்து, பேரம் பேசி, ஃபீஸ் வாங்கினால் அது வேலை, உங்கள் விசா அதற்கு இடம் தராது.

கார்லண்ட்வாசி:
ஐயோ, எச்1பிதான். மனைவிக்கு எச்4 ஈஏடி (எச்1பி துணைவர் விசாவில் வேலை செய்ய அனுமதி அட்டை) இருக்கிறது, அவர் பெயரில் போடலாமா?

எச்4 கணவர்:
அவரே பேசி, அவரே அலைந்து செய்தால் போடலாம். பெயர் அவருடையது, போன் உங்களுடையது என்றால் கதை அதேதான். இமிகிரேஷன் வக்கீலிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.