இரட்டைக் குவிமாடமா, இரட்டையோட்டுக் குவிமாடமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘டபுள் டோம்’ என்பதற்கு நம் கட்டடக்கலைக் கலைச்சொல் பட்டியலில் ‘இரட்டைக் குவிமாடம்’ என்று இட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரட்டைக் கோபுரம், இரட்டை மாட்டுவண்டி என்று பழகிய காதுக்கு அது அருகருகே நிற்கும் இரண்டைத்தான் சொல்லும். தில்லி ஹுமாயூன் கல்லறையில் வெளியே தெரிவது ஒன்றே ஒன்று.

அக்பர் ஆட்சியில், 1570ஐ ஒட்டி, மீராக் மிர்சா கியாஸ் அமைத்த கட்டடம் அது. சார்பாக் எனும் நாற்பகுதித் தோட்டத்தில் நின்று பார்த்தால் வெண்பளிங்குக் குவிமாடம் வானை முட்டுகிறது. உள்ளே போய் அண்ணாந்தால் கூரை எதிர்பார்த்ததைவிட மிகத் தாழ்வு. காரணம், தோட்டத்திலிருந்து கண்டது ஓர் ஓடு (வளைந்த உறை), இது வேறோர் ஓடு, நடுவே வெற்றிடம். தொலைவிலிருந்து எடுப்பாகத் தெரிய வெளியோடு உயர்ந்தாக வேண்டும். அதே உயரத்தை உள்ளேயும் விட்டால் கூடம் கிணறுபோல் ஆகிவிடும். சமர்கந்தில் தைமூரின் கல்லறையிலேயே உள்ள உத்திதான். ஹுமாயூனும் தைமூர் வழிவந்தவர்தானே.

‘ஈரடுக்குக் குவிமாடம்’ என்ற பரிந்துரையும் வந்தது. அடுக்கு என்றால் மாடிமேல் மாடி. இங்கே ஒன்றுக்குள் ஒன்று. ஆகவே ‘இரட்டையோட்டுக் குவிமாடம்’ என்கிறேன். முட்டையோடு, ஆமையோடு என வளைந்து மூடும் உறைக்கு நம்மிடம் இருக்கும் சொல்தான். (‘ஈரோட்டுக் குவிமாடம்’ என்று சுருக்க இலக்கணம் இடம் தரும், படிப்பவர் கொங்கு நாட்டுக்கு ரயில் ஏறிவிடுவார்.) உள்ளோடு, வெளியோடு என்ற கிளைச்சொற்களும் தாமே கிடைக்கின்றன. ஒரே ஓடு கொண்ட பீஜாப்பூர் கோல் கும்பஸ் கல்லறையின் குவிமாடத்தை ‘ஒற்றையோட்டுக் குவிமாடம்’ என்றுவிடலாம்.

குவிமாடத்தைத் தாங்கும் வட்டச் சுவருக்கு (ஆங்கிலத்தில் ‘டிரம்’) ‘உருளை’ என்ற சொல் எதற்கு? கோயில் விமானத்தில் சிகரத்துக்குக் கீழே இருப்பதைக் கழுத்து என்றுதானே சொல்கிறோம்? குவிமாடத்தின் உச்சியில் இருப்பதும் கலசமே. 2014இல் சூறைக்காற்றில் ஹுமாயூன் கல்லறையிலிருந்து விழுந்ததும் அந்தக் கலசம்தான்.

ஓடு என்றதும் கூரை ஓடு நினைவுக்கு வரும் என்று மூத்தவர் ஐயா எழுப்பிய தடை நியாயமானது. ஹுமாயூன் கல்லறை மதிலை ஒட்டியே நீலா கும்பத் என்ற இன்னொரு கல்லறை நிற்கிறது. அதன் குவிமாடத்தில் பதித்திருப்பவை மெருகூட்டிய நீல ஓடுகள். இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதினால் குழப்பம் உறுதி. பதிக்கும் ஓட்டை ‘மெருகுச் சில்லு’ என்று பிரித்துவிடலாமா? இதைவிடப் பொருத்தமான சொல் கைவசம் இருப்பவர்கள் எழுதுங்கள், பட்டியலைத் திருத்திவிடுகிறேன்.