பிரசவ வலி தளரும்போது சோடா உப்புக் கரைசல்: அனுபவமுள்ளவர்கள் உதவவும்

அனைவருக்கும் வணக்கம். தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண், கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த நிலையிலேயே மணிக்கணக்கில் நின்று, உதடு வறண்டு, என் கையைப் பற்றியபடியே அறுவை அரங்குக்குப் போனதை, பிரசவ அறைச் செவிலியரான என்னால் மறக்க முடியவில்லை. வலி தளர்ந்தவர்களின் கருப்பையில் லாக்டிக் அமிலம் கூடுவதை லிவர்பூல் ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள்; அதைச் சமன்செய்ய, வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் மருந்தை ஏற்றுவதற்கு முன் சோடியம் பைகார்பனேட் (சோடா உப்பு) கரைசலைக் குடிக்கக் கொடுத்து ஸ்வீடனில் 200 பெண்களிடம் நடத்திய சோதனையில், குடித்தவர்களில் 84 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 67 விழுக்காட்டினருக்கும் இயல்பான பிரசவம் நடந்தது. 200 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். யாரும் இதை வீட்டில் முயன்றுவிட வேண்டாம். இதை நேரில் கண்ட மகப்பேறு மருத்துவர்கள் இங்கிருந்தால், தாய்மார்களுக்கு வாந்தி வந்ததா, குழந்தையின் இதயத் துடிப்பு மாறியதா, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.