கண்ணாடியில் செம்பு ஒட்ட மாட்டேங்குது

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி. திருநகர் வீட்டு மாடியில ஆசைக்கு முலாம் போட்டுப் பழகுறேன். அரச இலைக்கும் சிப்பிக்கும் கரண்டு பாயுறதுக்காக கிராஃபைட் தூளை வார்னிஷில் குழைச்சுப் பூசி, மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) கந்தக அமிலமும் கலந்த தொட்டியில கரண்டு விட்டுச் செம்பு ஏத்துனேன், அருமையா வந்துச்சு. கண்ணாடிக் குப்பியில மட்டும் மறுநாளே வெங்காயத் தோலா உரியுது. கரண்டைக் குறைச்சும் பார்த்தாச்சு. வழவழப்புதான் வில்லன்னு நினைக்கிறேன். கண்ணாடியை அரிச்சுச் சொரசொரப்பாக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மட்டும் சொல்லாதீங்க, எலும்பு வரைக்கும் போற விஷம், வீட்டுல சின்னப் புள்ளைக இருக்கு. சில்வர் நைட்ரேட், அம்மோனியா, குளுக்கோஸ் வச்சு முதல்ல வெள்ளிப் படலம் போட்டு, அதுக்கு மேல செம்பு ஏத்துனவுக யாராச்சும் இருக்கீகளா? இல்லாட்டி, மதுரையில ஒத்தைக் குப்பிக்கும் சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமா அடிச்சுச் சொரசொரப்பாக்குறது) பண்ணித் தர்ற பட்டறை எங்கன்னு சொன்னாலும் போதும். கேட்ட இடத்துல நூறு பீஸ் கொண்டாங்கிறாக.