ஏழு வரியில் ஸ்ட்ரைப் எழுதினார்களாம்: பொடியளுக்கு ஏன் இந்தக் கதை?

கனகராயன்: கிளிநொச்சியில் ஒரு தொழில் பயிற்சிக்குப் போனேன். "அயர்லாந்துக் கிராமத்துச் சகோதரர் இரண்டு பேர் ஏழே வரி கணினிக் கோட் எழுதி ஸ்ட்ரைப்பை உருவாக்கினார்கள், நீங்களும் எழுதலாம்" என்றார் பேச வந்தவர். இணையத்தில் விற்கிறவருக்கு வாங்குகிறவரின் காசைக் கார்ட் வழியாக வாங்கிக் கொடுக்கிற கொம்பனிதான் ஸ்ட்ரைப். பொடியளும் கைதட்டினார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்த ஏழு வரி, கடைக்காரர் தன் இணையத்தளத்தில் ஒட்டுவது!

விசுவமடுப்பொடியன்: ஊக்கம் கொடுக்க வந்தவரிடம் வரிக்கணக்கா கேட்பது அண்ணை? அந்தச் சகோதரரின் ட்ரொமினியர் சின்ன ஊர்தானே? ஸ்ட்ரைப் 2010 இல் தொடங்கி, 2021 இல் 9,500 கோடி டொலர் மதிப்பு. இது பொய்யா?

கனகராயன்: ஊர் சின்னதுதான் தம்பி. ஆனால் அண்ணன் பற்றிக் கொலிசன் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படித்தவர், தம்பி ஜோன் ஹாவர்டில். 2008 இலேயே முதல் கொம்பனியை 50 இலட்சம் டொலருக்கு விற்றவர்கள். அதை அந்த மேடையில் யாராவது சொன்னார்களா? ஒட்டுகிறவருக்குத்தான் ஏழு வரி. வங்கியோடு பேசுவது, மோசடியைப் பிடிப்பது எல்லாம் ஸ்ட்ரைப்பின் தலையில். அமெரிக்காவில் ஒரு விற்பனைக்கு 2.9 வீதமும் 30 சதமும் எடுப்பது அதற்குத்தான். தொடக்கத்தில், "பாவித்துப் பார்க்கிறேன்" என்றவரின் லப்டொப்பை அங்கேயே கையில் வாங்கி, ஸ்ட்ரைப்பைப் பொருத்திக் கொடுத்தார்கள். வளர்ந்தது அப்படி.

வவுனியாச்செல்வன்: 2023 இல் மதிப்பு 5,000 கோடிக்கு விழுந்ததையும் சொல்லுங்கள். கிளிநொச்சிக் கூட்டங்களில் எப்போதும் பாதிக்கதைதான்.

விசுவமடுப்பொடியன்: வவுனியாவில் முழுக்கதை சொல்லி எத்தனை பேர் முன்னேறினீர்கள்? அதே 2023 இல் ஒரு இலட்சம் கோடி டொலர் ஸ்ட்ரைப் வழியாகப் போனது. அதை வீழ்ச்சி என்பீர்களா?

வாணி_புதுக்குடியிருப்பு: நான் ஒடியல்மாவும் பனங்கட்டியும் கனடாவுக்கு அனுப்புகிறேன். இலங்கையில் இருந்து ஸ்ட்ரைப் கணக்கே திறக்க முடியாது. இணையத்தில் காசு அனுப்புகிற பேபாலிலும் இங்கிருந்து அனுப்பலாம், வாங்க முடியாது. வாங்குகிறவர் அங்கே என் மச்சானிடம் கொடுத்து, அவர் சேர்த்துவைத்து அனுப்பி, அது என் கைக்கு வர மாசம் முடிந்துவிடும். எனக்கு ஏழு வரி எதற்கு?

தவம்_ரொறன்ரோ: தங்கச்சி, ஸ்ட்ரைப் அட்லஸ் 2016 இலிருந்து இருக்கிறது. அதில் 500 டொலருக்கு அமெரிக்காவில் கொம்பனி பதிந்து, அதன் பெயரில் ஸ்ட்ரைப் கணக்குத் திறக்கலாம். தேடிப் பார்க்காமல் அழக்கூடாது.

வாணி_புதுக்குடியிருப்பு: அண்ணா, நான் அழவில்லை. 500 டொலருக்கு எத்தனை கிலோ ஒடியல்மா இடிக்க வேண்டும் என்று தெரியுமா?

வவுனியாச்செல்வன்: வெளிநாட்டுக்காரருக்கு அறிவுரை மட்டும் இலவசம். போன தடவை குளம் திருத்துகிற பேச்சிலும் இவர்தான் வந்து குழப்பினார்.

தவம்_ரொறன்ரோ: குளத்துக்குக் காசு அனுப்பியது யார்? ஊரில், போனால் காசு கட்டுகிற லங்கா கியூஆர் அட்டையைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, "காசாத் தாங்கோ" என்கிறீர்கள். உங்களுக்கு ஸ்ட்ரைப் வந்து என்ன?

விசுவமடுப்பொடியன்: கியூஆருக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பார்கள், அதனால்தான். கடை நடத்திப் பார்த்துவிட்டுக் கதையுங்கள்.

கனகராயன்: குளத்தையும் கடையையும் விடுங்கள். கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்த ஏழு வரியை ஒட்டுவது யார், எழுதியது யார்?

விசுவமடுப்பொடியன்: திரும்பவும் ஏழு வரி! அடுத்த கூட்டத்தில் நீங்களே மேடை ஏறுங்கள் அண்ணை.

கனகராயன்: கூப்பிட்டால் ஏறுவேன். வாணி தங்கச்சியையும் கூப்பிடச் சொல்லு.

தவம்_ரொறன்ரோ: முதலில் குளத்துக் கணக்கைக் காட்டுங்கள்.