475 கிலோஹெர்ட்ஸில் கேட்டவை: மலையில் இருப்பவர்களின் அனுபவங்கள்

மன்னவனூரிலிருந்து:

475 கிலோஹெர்ட்ஸ், அதாவது 630 மீட்டர் அலைவரிசையில், விஸ்பர் (அமெச்சூர்கள் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர்கள் அனுப்பும் மிக மெல்லிய சைகைகளைக் கணினியால் படிக்கும் முறை) கேட்பவர்களுக்கு இரைச்சலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இங்கே பூண்டு, உருளைக்கிழங்கு வயல்களுக்குள் காட்டுமாடு இறங்காமல் இருக்கச் சூரிய மின்வேலி போட்டிருக்கிறார்கள். அதன் துடிப்பு விநாடிக்கொரு முறை 'டக், டக்' என்று அலைவரிசை முழுவதும் விழும். எல்இடி விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் வேறு. தை மாதத்தில் ஓர் இரவு, எட்டு மணிக்கு மேல், ஊர் முழுவதும் மின்சாரம் போய்விட்டது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியில், வரும் சைகைகளைப் படமாக மேலிருந்து கீழே ஓடவிடும் திரையில் இரைச்சலின் மஞ்சள் படலம் சட்டென்று கறுத்து, வேலித் துடிப்பின் குறுக்குக் கோடுகள் மட்டும் எஞ்சின. அவற்றினூடே மயிரிழை போல ஒரு தடம் கீழிறங்கியது. இரட்டைப்படை நிமிடத்தில் தொடங்கிய அந்த ஒலிபரப்பு, ஏறத்தாழ 111 விநாடிகள் கழித்து ஒரு வரியாக விரிந்தது: வி.கே.6 என்று தொடங்கும் அழைப்புக்குறி, ஓ.எஃப்.78 என்ற கட்டம் (அனுப்புபவரின் இடத்தைச் சொல்லும் வரைபடக் குறியீடு), இரைச்சலோடு ஒப்பிட்ட வலு கழித்தல் 27 டெசிபெல். அது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் அடங்கும் கட்டம். இங்கிருந்து 6,000 கிலோமீட்டருக்கும் மேல். மின்சாரம் வந்ததும் தடம் மறைந்துவிட்டது. நாங்கள் இவ்வளவு உயரத்தில் இருப்பதால்தான் அது கிடைத்தது என்று நம்புகிறேன். ஆனால் ஒவ்வோர் இரவும் அது வந்துகொண்டுதான் இருந்ததா என்ற கேள்வி என்னை விடவில்லை.

குன்னூரிலிருந்து:

மன்னவனூர் நண்பர் உயரத்துக்குக் கொடுக்கும் பெருமையை என்னால் ஏற்க முடியவில்லை. கோடை பண்பலை தொலைதூரச் சமவெளிக்கும் கேட்பதற்கு மலையுயரம் காரணம். அது நேர்கோட்டில் செல்லும் அலை. 475 கிலோஹெர்ட்ஸ் போன்ற மத்திய அலையோ இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. பகலில் அதை விழுங்கும், அயனி மண்டலத்தின் அடிப்பகுதியான டி அடுக்கு சூரியன் மறைந்ததும் கரைந்துவிடுகிறது. உங்களுக்கு எட்டு மணி என்றால் பெர்த்தில் பத்தரை, ஆகவே இரு முனையிலும் இருட்டு. பாதையும் பெரும்பாலும் இந்தியப் பெருங்கடலின் மேல்தான். உங்களுக்கு உதவியது மின்வெட்டு, மலை அன்று. எனக்கும் ஒரு முறை வி.கே.6 கிடைத்தது, ஒரே ஒரு வரி. அன்றும் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை.

கோத்தகிரியிலிருந்து:

நான் கப்பலில் வானொலி அலுவலராக இருந்தவன். 500 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18 நிமிடம் வரையும் 45 முதல் 48 வரையும் எல்லோரும் வாய்மூடி, அபாய அழைப்புக்காக மட்டும் காதைத் தீட்டியிருப்போம். கடிகார முகப்பில் அந்த நிமிடங்களுக்குச் சிவப்புப் பூசியிருக்கும். 2012 உலக வானொலி மாநாடு அதனருகே 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை அமெச்சூர்களுக்கு ஒதுக்கியதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மன்னவனூர் தம்பி கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். இங்கே அமெச்சூர்கள் வீசும் ஆற்றல் ஒன்று முதல் ஐந்து வாட் வரைதான். அரை அலைநீளமே 315 மீட்டர் என்பதால், வீட்டுத் தோட்டத்து ஆண்டெனாவிலிருந்து அந்தச் சொற்ப ஆற்றலை வெளியேற்றவே நூறு வாட் அளவுக்கு ஊட்ட வேண்டியிருக்கும். அவ்வளவு பாடுபட்டு ஒருவர் அனுப்புவதை நாம் இரைச்சலில் தொலைக்கலாகாது. லூப் (வளைய) ஆண்டெனா கட்டி, அதன் செவிட்டுப் பக்கம் வேலிப்பெட்டியை நோக்கும்படி திருப்புங்கள். பெர்த் உங்களுக்குத் தென்கிழக்கு, அந்தத் திசை மட்டும் செவிடாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோவை வானொலியின் 999 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பு ஏற்பியைத் திணறடித்தால், தாழ்ந்த அலைவரிசைகளை மட்டும் விடும் தாழ்நிலை வடிகட்டி ஒன்று முன்னால் வையுங்கள். வேலியைப் பழிப்பதற்கு முன், கம்பியில் புல் உரசுகிறதா, கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்திருக்கிறதா என்று உரிமையாளரோடு இருட்டில் சுற்றிப் பாருங்கள். பொறி தெறிக்கும் இடம் கண்ணில் படும். அதைச் சரிசெய்தால் உங்கள் இரைச்சலும் குறையும், அவர் வேலியும் காட்டுமாட்டுக்கு உறைக்கும்.