ஆஸ்டன் மார்ட்டின் பங்கு ஒரு பவுண்டுக்குக் கீழே: வாங்கிப் போடலாமா?

கவென்ட்ரிக்காரன்:
எம்40 சாலையில் கேய்டன் பக்கம் போகும்போதெல்லாம் கண் தானாக அந்த ஆஸ்டன் மார்ட்டின் கார் தொழிற்சாலையைத் தேடும். 2018 அக்டோபரில் 19 பவுண்டுக்குச் சந்தைக்கு வந்த ஆஸ்டன் மார்ட்டின் பங்கு, இப்போது ஒரு பவுண்டுகூடப் பெறவில்லை. கையில் 2,000 பவுண்டு சும்மா இருக்கிறது. பென்ட்லியை லாபத்துக்குக் கொண்டுவந்த ஏட்ரியன் ஹால்மார்க் 2024 செப்டம்பரில் இங்கே தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். வல்ஹாலா என்ற புது சூப்பர் காரும் வந்துவிட்டது. இதற்குமேல் இறங்க என்ன இருக்கிறது? வாங்கலாம்தானே?

பழைய தணிக்கையாளர்:
தம்பி, முதலில் அந்த 19-ஐ மறந்துவிடுங்கள். 2020 டிசம்பரில் 20 பங்குகளைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். அன்றைய 19 பவுண்டு இன்றைய கணக்கில் 380. அதிலிருந்து இங்கே வந்து நிற்கிறது. இறங்க இடமில்லை என்று 2020-லும் பலர் சொன்னார்கள்.

நான் 32 வருடம் கணக்குத் தணிக்கை பார்த்தவன். ஆண்டறிக்கை கைக்கு வந்தால் கார் படங்களைப் புரட்டிவிட்டு நேராகக் கடன் குறிப்புக்குப் போவேன். 2024 மார்ச்சில் இவர்கள் வெளியிட்ட கடன் பத்திரங்கள்: 96 கோடி டாலருக்கு 10 சதவீதம், 40 கோடி பவுண்டுக்கு 10.375 சதவீதம். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், வருட வட்டி ஏறக்குறைய 11.6 கோடி பவுண்டு. அந்த வருடம் விநியோகஸ்தர்களுக்குப் போன கார்கள் 6,030. அதாவது ஒவ்வொரு காரும் 19,000 பவுண்டுக்கு மேல் வட்டியைச் சுமந்துகொண்டுதான் வாசலைத் தாண்டுகிறது. தோல், பெயின்ட், என்ஜின் எல்லாம் அப்புறம். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இந்த வட்டி இரண்டாவது ரகம்.

பணம் போதாதபோது புதுப் பங்கு விற்பார்கள். 2022-ல் அப்படித் திரட்டியது 65 கோடி பவுண்டுக்கு மேல். சவூதி அரசு நிதியம் உள்ளே வந்தது அப்போதுதான். உங்கள் 2,000-க்கான பங்கு எண்ணிக்கை குறையாது, ஆனால் கம்பெனியில் உங்கள் பாகம் சிறுத்துக்கொண்டே போகும்.

ஹால்மார்க் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் பென்ட்லிக்குப் பின்னால் ஃபோக்ஸ்வாகன் இருந்தது. இங்கே 2020-ல் உள்ளே வந்த பெரிய முதலீட்டாளர் லாரன்ஸ் ஸ்ட்ரோலின் சட்டைப்பைதான் இருக்கிறது. அவர் காலத்தில் தலைமை நிர்வாகி நாற்காலியில் இருந்த நான்காவது ஆள் ஹால்மார்க்.

கிரீஸ் கை:
ஐயா சொல்வது கணக்கு, நான் ஒர்க்‌ஷாப்காரன். கார் மோசமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வி8 என்ஜின் மெர்சிடிஸ் ஏஎம்ஜியிடமிருந்து வருவது, அதைத் தாங்களே உருவாக்கப் போயிருந்தால் என்றைக்கோ மூடியிருப்பார்கள். பழைய கார்களில் இருந்த அரதப்பழசான டாஷ்போர்டு திரையை புது டிபி12 காரில் தூக்கிவிட்டார்கள். அந்தத் திரைக்காகவே திரும்பிப் போன வாடிக்கையாளர் உண்டு என்பது என் சந்தேகம்!

வல்ஹாலா மொத்தம் 999 கார், ஒன்று சுமார் 8.5 லட்சம் பவுண்டு. எல்லாம் விற்றால் 85 கோடி வரவு. 2019-ல் காட்டிய காரை 2025 கடைசியில்தான் கொடுக்க ஆரம்பித்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். ஃபெராரி 2024-ல் கொடுத்ததே 13,752 கார்தான். விற்பனை எண்ணிக்கையைத் துரத்தாமல், கேட்கிறவனைக் கொஞ்சம் காக்க வைத்தால் போதும். 2020-க்கு முன்பு ஷோரூமில் கார்களைக் குவித்துத் தள்ளுபடி கொடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது இன்னும் மறக்கவில்லை.

பழைய தணிக்கையாளர்:
85 கோடி வரவு, லாபம் இல்லை. அந்த வித்தியாசத்தில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன், வல்ஹாலா ஒழுங்காகப் போனால் கொஞ்சம் மூச்சு விடலாம். 2029-ல் அந்தக் கடன் முதிரும்போது எந்த வட்டிக்கு மாற்றிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். அமெரிக்க வரி, சீனாவில் மந்தம், இதெல்லாம் வரும் போகும்.

கவென்ட்ரிக்காரன்:
அந்த 19,000 கணக்கை மனைவியிடம் காட்டியது என் தப்பு. 2,000-மும் சமையலறை ஜன்னலுக்குப் போகிறது. கேய்டன் பக்கம் போகும்போது எட்டிப் பார்ப்பதோடு சரி.