டாட்ஜர்ஸ் 2025 பிட்சிங்: பெயர்கள் சரி, இன்னிங்ஸை யார் போடுவார்கள்?

இர்வைன் கார்த்தி | 8 மார்ச் 2025

எல்லோருக்கும் வணக்கம். பந்தும் வீசி மட்டையும் அடிக்கும் ஓட்டானி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்த பிறகுதான் நான் பேஸ்பாலை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸில் எல்லோரும் இந்த வருடம் ஒரு சீசனில் 116 வெற்றி என்ற பழைய சாதனையே உடைந்துவிடும் என்கிறார்கள். காரணம் கேட்டால் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) பட்டியலை வாசிக்கிறார்கள். பிளேக் ஸ்னெல் ஐந்து வருடத்துக்கு 182 மில்லியன் டாலர். ஜப்பானிலிருந்து ரோக்கி சசாக்கி. புல்பென்னுக்கு, அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்கும் பிட்சர்கள் கூட்டத்துக்கு, டானர் ஸ்காட், கிர்பி யேட்ஸ். கெர்ஷாவும் திரும்பக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏற்கெனவே யாமமோட்டோ, கிளாஸ்நோ இருக்கிறார்கள். ஓட்டானியும் இந்த வருடம் மறுபடி பந்து வீசப் போகிறார்.

போனவர்கள் என்று பார்த்தால் பியூலரும் ஃபிளாஹர்ட்டியும்தான். வரவு அதிகம், செலவு குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உண்மையிலேயே இது அவ்வளவு பலமான பிட்சிங் அணியா? நீண்ட நாளாகப் பார்க்கிறவர்கள் சொல்லுங்கள். டாப்டெக் அண்ணா இருந்தால் அவசியம் எழுதவும்.

---

டாப்டெக் | 8 மார்ச் 2025

கூப்பிட்டதற்கு நன்றி தம்பி. இந்தப் பக்கத்தில் என் பெயர் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எனக்கு இஆர்ஏவைவிட (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பது, குறைந்தால் நல்லது) இன்னிங்ஸ் கணக்குதான் பிடிக்கும். அதனால் அதிலிருந்தே வருகிறேன்.

ஒரு சீசனில் 162 ஆட்டம். ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், ஒன்பதில் சராசரியாக ஐந்து இன்னிங்ஸ் போடுகிறார் என்று வையுங்கள், இந்தக் காலத்தில் அதுவே மோசமில்லை. மொத்தம் 810 இன்னிங்ஸ் வேண்டும். இப்போது நீங்கள் சொன்ன பெரிய பெயர்கள் 2024இல் என்ன போட்டார்கள் என்று கூட்டுவோம். ஸ்னெல் சான் பிரான்சிஸ்கோவில் 104. கிளாஸ்நோ 134, அதுவே அவர் வாழ்நாள் உச்சம், அதுவும் முழங்கை வலியில் முடிந்தது. யாமமோட்டோ 90, தோள்பட்டைக் காயத்தால் ஏறக்குறைய மூன்று மாதம் காணாமல் போனார். சசாக்கி ஜப்பானில் 111. ஓட்டானி ஒரு பந்துகூட வீசவில்லை. ஆகமொத்தம் 439. கெர்ஷாவின் 30ஐச் சேர்த்தாலும் 470ஐத் தொடவில்லை.

மீதி 340 எங்கே? ஆபீஸ் நண்பர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

போனவர்கள் பட்டியலில் நீங்கள் இரண்டு பேரைச் சொன்னீர்கள். நான் வேறு இரண்டு பேரைச் சொல்கிறேன்: கேவின் ஸ்டோன், ஜேம்ஸ் பாக்ஸ்டன். போன வருடம் இந்த அணியில் அதிக இன்னிங்ஸ் போட்டவர் யாமமோட்டோவும் இல்லை, கிளாஸ்நோவும் இல்லை, ஸ்டோன். 25 ஆட்டம், 140 இன்னிங்ஸுக்குச் சற்று மேல். அக்டோபரில் தோள் அறுவை சிகிச்சை, 2025 முழுக்க வர மாட்டார். பாக்ஸ்டன் ஜூலையில் பாஸ்டனுக்குப் போகும் முன் கிட்டத்தட்ட 90 போட்டார். சுமாராகத்தான் போட்டார், ஆனால் போட்டார். இந்த இருவரும் விட்டுப்போன 230 இன்னிங்ஸைப் பற்றிக் குளிர்காலம் முழுக்க யாருமே பேசவில்லை. பந்தியில் பாயசத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், சோறு வடிக்கிற ஆள் லீவில் போனது யாருக்கும் தெரியவில்லை.

அணியை அமைக்கும் ஃபிரீட்மனுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். போன வருடம் 17 பேரை ஸ்டார்ட்டராக இறக்கினார்கள். கோப்பைக்கான அக்டோபர் ஆட்டங்களில் மிஞ்சியது யாமமோட்டோ, ஃபிளாஹர்ட்டி, பியூலர் மூன்றே பேர். தொடரின் நாலாவது ஆட்டத்துக்கு ஆள் இல்லாமல் புல்பென்னையே வரிசையாக இறக்கினார்கள். சான் டியாகோவில் அது 8-0 என்று பலித்தது. இறுதித் தொடரில் யாங்கீஸிடம் 4-11 என்று அடி வாங்கியது. அதே தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் புல்பென் பிட்சர் டிரைனன் 42 பந்து வீசிக் களைத்துப் போக, ஒருநாள் இடைவெளியில் பியூலர் வந்து ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்து வைத்தார். கோப்பை கிடைத்தது. ஆனால் அந்த நிலைமை மறுபடி வரக் கூடாது என்றுதான் இந்தக் குளிர்காலச் செலவு எல்லாம்.

அதாவது இந்த அணி ஏப்ரலுக்காகக் கட்டியது இல்லை. எட்டுப் பேரை வாங்கிப் போட்டால் அக்டோபரில் நாலு பேராவது நிற்பார்கள் என்ற கணக்கு. அந்த நாலு பேர் யார் என்று அவர்களுக்கே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதனால்தான் 116 என்பதை நான் நம்பவில்லை. 116 ஜெயிக்க வேண்டுமானால் ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமையிலும் நல்ல பிட்சரை இறக்க வேண்டும். இவர்கள் ஜூனில் யாருக்காவது லேசாகத் தோள் வலித்தால் உடனே காயப்பட்டியலில் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். பதிலுக்கு இரண்டாம் நிலை அணி இருக்கும் ஓக்லஹோமா சிட்டியிலிருந்து லேண்டன் நாக்கோ ஜஸ்டின் ரோப்லெஸ்கியோ விமானம் ஏறி வருவார்கள். 90க்கு மேல், 100க்குள் ஜெயிப்பார்கள். பிரிவையும் வெல்வார்கள்.

இன்னொரு விஷயம். ஆறு ஸ்டார்ட்டர்கள் முறைவைத்து வீசும் ரொட்டேஷனுக்குத்தான் போகப் போகிறார்கள். யாமமோட்டோவும் சசாக்கியும் ஜப்பானில் வாரம் ஒருமுறை வீசிப் பழகியவர்கள். ஆனால் 26 பேர் பட்டியலில் பிட்சர்கள் 13க்கு மேல் கூடாது. ஆறு ஸ்டார்ட்டர் வைத்தால் புல்பென்னில் ஒரு ஆள் குறையும். மற்ற அணிகளுக்கு. இவர்களுக்கு ஓட்டானி இருவகை ஆட்டக்காரர் என்ற கணக்கில் அந்த 13க்குள் வர மாட்டார். அவர் மவுண்டில் ஏறும் நாள் முதல் இவர்களுக்கு 14 பிட்சர். விதிக்குள்தான், ஆனாலும் அநியாயம்!

டஸ்டின் மேவைப் பற்றியும் ஒரு வரி. ஐந்தாவது இடத்துக்கு அவர் பெயர் அடிபடுகிறது. பெரிய லீக்கில் ஒரு சீசனில் அவர் போட்ட அதிகபட்சம் 56 இன்னிங்ஸ், அதுவும் 2020இல். போன ஜூலையில் சாலட் சாப்பிடும்போது இலை தொண்டையில் மாட்டி, உணவுக்குழாய் கிழிந்து, அவசர அறுவை சிகிச்சை வரை போனார். இந்த அணியில் காயம் எந்த ரூபத்தில் வரும் என்று சொல்லவே முடியாது.

---

பெட்கோ பக்கத்துவீட்டுக்காரன் | 8 மார்ச் 2025

டாப்டெக் சார், எதிரி முகாமிலிருந்து வணக்கம். சான் டியாகோ பாட்ரெஸ் ரசிகன் என்பதால் உங்கள் பட்டியலில் பாதிப் பேரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்தானே.

ஸ்னெல் எங்களிடம் மூன்று வருடம் இருந்தார். 2023இல் இஆர்ஏ 2.25, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அதே வருடம் லீக்கிலேயே அதிகமாக 99 பேருக்கு வாக் (நாலு பந்து தப்பிப் போனால் பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸ்) கொடுத்தவரும் அவர்தான். அவர் ஆட்டத்தைப் பார்ப்பது உடம்புக்கு ஆகாது. மூன்று பேஸிலும் ஆள் நிற்பார்கள், மூன்று பந்து தப்பிப் போயிருக்கும், அப்புறம் எங்கிருந்தோ ஒரு கர்வ் பந்து வந்து எல்லாம் முடியும். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் 100 பந்து ஆகிவிடும். ஒன்பது வருடத்தில் இரண்டே முறைதான் 180 இன்னிங்ஸைத் தொட்டார், இரண்டிலும் சை யங்.

ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். போன வருடம் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரை மார்ச் பின்பாதியில்தான் எடுத்தார்கள். தயாராக நேரமே இல்லை. முதல் ஆறு ஆட்டத்தில் இஆர்ஏ 9.51. ஜூலையில் திரும்பி வந்து 14 ஆட்டத்தில் 1.23, நடுவில் சின்சினாட்டியில் ஒரு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்). இந்த முறை நவம்பரிலேயே ஒப்பந்தம் ஆகிவிட்டதால் சீசனுக்கு முந்தைய முழு ஸ்பிரிங் டிரெய்னிங் கிடைக்கிறது. நன்றாக வீசுவார் என்றுதான் நினைக்கிறேன், வயிற்றெரிச்சலோடு.

ஸ்காட் விஷயம்தான் தாங்க முடியவில்லை. போன அக்டோபரில் ஓட்டானியைத் திரும்பத் திரும்ப ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்த மனிதர். அவரை அடிக்க முடியாது என்று தெரிந்ததும் நாலு வருடத்துக்கு 72 மில்லியன் கொடுத்துத் தங்கள் பக்கம் கூட்டிக்கொண்டார்கள். சசாக்கியிலும் கடைசிச் சுற்று வரை நாங்கள் இருந்தோம். அவர் டாட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்த ஜனவரி 17 அன்று எங்கள் வீட்டில் டிவியே போடவில்லை.

ஆனால் உங்கள் புல்பென்னை நீங்கள் தொடவே இல்லையே சார்? அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

---

டாப்டெக் | 9 மார்ச் 2025

தொடாததற்குக் காரணம் பயம்தான்.

காகிதத்தில் பார்த்தால் லீக்கிலேயே சிறந்த புல்பென். ஸ்காட் 2024இல் இஆர்ஏ 1.75, யேட்ஸ் டெக்சாஸில் 1.17, அதோடு டிரைனன், வெசியா, பாண்டா. ஆனால் யேட்ஸுக்கு இந்த மாதம் 38 ஆகிறது. டிரைனனுக்கு 36. இவான் ஃபிலிப்ஸ் தோளில் கிழிசல், தொடக்கத்துக்கு வர மாட்டார். கோபெக் தயாரில்லை. கிராட்டெரோல் சீசனின் பின்பாதிக்குத்தான். ரயான் பிரேசியரை சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள், டேனியல் ஹட்சன் ஓய்வு பெற்றுவிட்டார்.

முன்னே போட்ட கணக்கின் மறுபாதி இதுதான். ஸ்டார்ட்டர்கள் ஐந்து போட்டால் மீதி நாலு இன்னிங்ஸ் தினமும் புல்பென் தலையில். வருடத்துக்கு 640க்கு மேல். பெரிய பெயர்கள் இழக்கும் ஒவ்வொரு இன்னிங்ஸும் இவர்கள் கணக்கில்தான் ஏறும். கடைசி இன்னிங்ஸை முடிக்கும் குளோசர்களின் வாழ்க்கையே ஒரு வருடம் வானம், ஒரு வருடம் பள்ளம். ஸ்காட்டும் மியாமிக்கு முன் பால்டிமோரில் எத்தனை வாக் கொடுத்தார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் விரிசல் விட்டால் இங்கேதான் விடும் என்பது என் எண்ணம்.

சசாக்கியைப் பற்றியும் இதே கவலை. 2022இல் 20 வயதில் 19 ஸ்ட்ரைக்அவுட்டோடு பெர்ஃபெக்ட் கேம் (ஒருவரைக்கூட பேஸ் ஏற விடாத ஆட்டம்) போட்ட கை அது. அந்த ஸ்பிளிட்டர் பந்து கடைசி நொடியில் எந்தப் பக்கம் விழும் என்று அவருக்கே தெரியாது போல. ஆனால் போன வருடம் வேகம் குறைந்தது. தன்னை வாங்க வந்த அணிகளிடமே, வேகம் ஏன் குறைந்தது என்று கண்டுபிடித்து வாருங்கள் என வீட்டுப்பாடம் கொடுத்தார். இந்த மாதம் 4ஆம் தேதி பயிற்சி ஆட்டத்தில் ரெட்ஸோடு மூன்று இன்னிங்ஸ், ஐந்து ஸ்ட்ரைக்அவுட். அருமை. சீசன் தொடங்கும் டோக்கியோவில் முதல் ஆட்டம் யாமமோட்டோ, இரண்டாவது இவருக்குத்தான் போகும் போலிருக்கிறது. இருந்தாலும் ஜப்பானில் ஒரு வருடத்தில் அவர் போட்ட அதிகபட்சமே 129தான். அதற்கு மேல் எதிர்பார்ப்பது நம் தவறு.

---

மன்ரோவியா மீனா | 9 மார்ச் 2025

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பிசியோதெரபிஸ்ட். இந்த அணியில் டாமி ஜான் (முழங்கைத் தசைநாரை மாற்றி வைப்பது) அல்லது அதுபோன்ற முழங்கை அறுவை சிகிச்சை ஆகாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓட்டானிக்கு 2018, 2023 என இரண்டு முறை. கிளாஸ்நோ, மே, கோன்சொலின், ஷீஹன், ரிவர் ரயான் என்று நீள்கிறது.

இது வெறும் துரதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. போன டிசம்பரில் பிட்சர்களின் காயங்களைப் பற்றி லீக்கே வெளியிட்ட அறிக்கை, எல்லாப் பந்தையும் முழுபலத்தோடு, முழுவேகத்தோடு வீசப் பழக்குவதைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னது. டாட்ஜர்ஸ் தேடிப் பிடிப்பதும் அப்படி வீசுகிறவர்களைத்தான். வேகம் வேண்டும், காயம் வேண்டாம் என்றால் தசைநாருக்குப் புரியாது. பிட்சிங் கோச் மார்க் பிரையரே காயங்களால் சீக்கிரம் முடிந்துபோன பிட்சர்தான், அவருக்குத் தெரியாததா?

---

இர்வைன் கார்த்தி | 9 மார்ச் 2025

அண்ணா, மீனா அக்கா, எல்லோருக்கும் நன்றி. நாளை ஆபீஸில் அந்த 340 கணக்கைக் கேட்கத்தான் போகிறேன்.

ஒரே ஒரு சுயநலக் கேள்வி. மே மாதம் அப்பா மதுரையிலிருந்து வருகிறார். ஓட்டானி பந்து வீசும் நாளில் அவரைக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை. இப்போதே டிக்கெட் வாங்கினால் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

---

டாப்டெக் | 9 மார்ச் 2025

வாங்காதீர்கள். நவம்பரில்தான் ஓட்டானிக்கு இடது தோளில் அறுவை சிகிச்சை ஆனது, பந்து வீசும் பயிற்சியை இப்போது நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மே மாதத்துக்கு முன் வர மாட்டார் என்று சொல்கிறார்கள். அவர்கள் மே என்றால் நான் ஜூன், ஜூலை என்று படிக்கிறேன். அப்பா எத்தனை நாள் இருக்கிறார்?

மற்ற பிட்சர்களுக்கும் இதே வழிதான். யார் வீசுவார் என்று மூன்று நாலு நாள் முன்புதான் உறுதியாகும், அதுவும் மழை, வலி என்று மாறும். அப்போது மறுவிற்பனையில் வாங்குங்கள். ரசிகர்களுக்கு இலவசமாகப் பொம்மை கொடுக்கும் நாளைத் தவிர்த்துவிட்டு, வாரநாளாகப் பாருங்கள், மேல்தளம் கட்டுப்படியாகும். யாமமோட்டோ நாளாக அமைந்தால் விடாதீர்கள். என்னைக் கேட்டால் இந்த அணியில் இன்று அப்பாவுக்குக் காட்ட வேண்டிய பிட்சர் அவர்தான். பந்து எங்கே போக வேண்டுமோ அங்கேயே போகும்.

வாகனம் நிறுத்தக் கட்டணம் தனி, அதைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். ரயிலில் யூனியன் ஸ்டேஷன் வந்துவிட்டால், அங்கிருந்து மைதானத்துக்கு ஆட்ட நாட்களில் பஸ் விடுகிறார்கள், டிக்கெட் காட்டினால் இலவசம். அப்பாவுக்கு ரயில் பயணமும் ஆச்சு.